மன்னிப்பை முதலில் யார் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் வழக்கறிஞர். இலவச சட்ட உதவிக்காகப் பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போய் வருபவள். அதனால் ஆன்மிகம் எல்லாம் பேசப் போவதில்லை. செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடந்துவிட்டு வந்தவர்களை வைத்துத்தான் பேச முடியும். அவர்களிடம் நாம் எல்லோரும் ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிடுகிறோம், "சரி விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று.

ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். அப்பா காலத்திலேயே தருமபுரிப் பக்கமிருந்து இங்கே வந்த குடும்பம். திருட்டு நகையை விற்றுக் கொடுத்தார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஏற்றிச் சென்ற சவாரி அடகுக் கடை வாசலில் இறங்கியதுதான் அவர் செய்த குற்றம். ஜாமீன் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வர ஷூரிட்டி வேண்டுமே! பஹணி என்கிற நிலப் பதிவோ வீட்டுப் பத்திரமோ வைத்திருக்கிற ஒருவர் கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு யார் வருவார்கள்? மனைவியின் அண்ணனுக்கு மாகடி ரோடு பக்கம் சொந்த வீடு, காத்தா என்கிற சொத்துப் பதிவு எல்லாம் உண்டு. தங்கை போய்க் கேட்டதற்கு, "பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்மா, இந்த நேரத்துல என்னைக் கோர்ட்டு வாசல்ல நிக்க வெக்காதே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜாமீன் உத்தரவு இருந்தும் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார் அந்த மனுஷன். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்கள் அல்ல, விசாரணைக் கைதிகள்தான். ஜாமீன் கிடைத்தும் ஒரு வாரத்துக்குள் ஒருவர் வெளியே போகாவிட்டால், சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. இவர் கதை அதற்கு முந்தியது.

வாய்தா மேல் வாய்தா போய், கடைசியில் விடுதலை ஆனார். "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று தீர்ப்பில் இருந்தது. தெருவில் அதற்கு, எப்படியோ தப்பித்துவிட்டான் என்று அர்த்தம். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோவை எடுக்க நானும் கூடப் போனேன். டாப் கிழிந்து தொங்கியது, சீட்டுப் பஞ்சை எலி இழுத்துப் போட்டிருந்தது, மீட்டரைக் காணோம். பிடித்துக்கொண்டு போனவர்களை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அவங்க எனக்கு யாரு மேடம்? மன்னிக்கிறதுக்கும் ஒரு உறவு வேணாமா? மச்சான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாப் போதும்" என்றார். வேறு பலரிடமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். காக்கிச் சட்டை மேல் உள்ள கோபம் நாள்பட நாள்பட மங்கிவிடுகிறது. சொந்தக்காரர் மேல் உள்ளது அப்படியே நிற்கிறது.

அந்த மச்சான் ஒருநாள் வந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் யார்தான் அப்படிச் சொல்கிறார்கள்? வாசலில் நின்றபடியே, "வண்டிக்கு எஃப்.சி. எடுக்க எவ்வளவு ஆகும் மாப்பிள்ளை?" என்று கேட்டார். உள்ளே வரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பிற்பாடு மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் இவர் போகவில்லை, மனைவியை அனுப்பிவைத்தார். இது என்ன அரைகுறை மன்னிப்பு என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

மச்சானாவது வந்தார். அரசாங்கம் என்றால் வாசலில் வந்து நிற்க ஆளே இருக்காது. நாகர்கோவிலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1994 நவம்பர் 30-ஆம் தேதி உளவு வழக்கில் கைதாகி 50 நாள் காவலில் இருந்தார். வழக்கில் உண்மை இல்லை என்று 1996-லேயே சி.பி.ஐ. சொல்லிவிட்டது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதோ 2018 செப்டம்பர் 14-இல். நிரபராதி என்றுதான் ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கு இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், மன்னித்து விட்டுவிடலாமே என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். பகையை விடுவது வேறு, வழக்கை விடுவது வேறு. தப்பு செய்த அதிகாரிகள் யார் என்று பார்க்க அதே தீர்ப்பில் ஒரு குழுவும் போட்டார்கள். அவர் பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்குமா?

அதே வழக்கில் கைதான இன்னொருவர் நம் பெங்களூரில் வாழ்ந்தவர், ரஷ்ய விண்வெளி நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாக இருந்தவர். தீர்ப்பு வந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். அவரை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இனி யாருக்கும் வழியில்லை.

சட்டம் என்ன செய்கிறது? போதிய காரணம் இல்லாமல் ஒருவரைப் போலீஸ் கைது செய்யக் காரணமாக இருந்த ஆளிடமிருந்து, பாதிக்கப்பட்டவருக்கு மாஜிஸ்டிரேட் இழப்பீடு வாங்கித் தரலாம். உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். ஆட்டோவுக்கு ஒரு டயர்கூட வாங்க முடியாது. தவறான வழக்குகளுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றங்களும் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரை அறிக்கையாகவே இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி விடுதலையாகி வந்தவர் இருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை முதலில் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது பழைய எஃப்.ஐ.ஆர்.தான் முதலில் கண்ணில் படும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம். ஷூரிட்டி கிடைக்காமல் யாராவது உள்ளே இருந்தாலும் இதே எண்தான். வணக்கம்.