மாண்டரின் மீன் வாங்கும் முன் தீனியை வளருங்கள்

[காட்சி: இருண்ட வரவேற்பறை. தொட்டியின் கண்ணாடியில் கைவிளக்கு வெளிச்சம்.]

இரவு 10.30 மணி. கடல்நீர் மீன்தொட்டியின் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கைவிளக்கைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். தூசி போல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. தூசியாக இருந்தால் நீரோட்டத்தோடு போயிருக்கும். இவையோ நிற்கின்றன, திரும்புகின்றன, வெடுக்கென்று துள்ளுகின்றன. கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகள் இவைதான். மாண்டரின் என்ற கடல்மீனுக்கு முக்கியத் தீனி. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. பெரும்பாலானவற்றின் உடம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இராது.

ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோதான் என்றால், மாண்டரின் மீன் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

[காட்சி: பகல். பாறை இடுக்கிலிருந்து மாண்டரின் மீன் மெல்ல வெளியே வருகிறது.]

இந்த மீனைக் கடையில் பார்த்தவர்களுக்கு அங்கிருந்து நகர மனம் வராது. நீல உடம்பில் ஆரஞ்சு நிறத்தில் சிக்குக் கோலம் இழுத்ததுபோல நெளிகோடுகள். பெரும்பாலான விலங்குகளில் நீலம் என்பது ஒளிச் சிதறலால் வரும் தோற்றம். இதன் தோல் செல்களிலோ உண்மையான நீல நிறமியே இருக்கிறது. செதில் கிடையாது, அதற்குப் பதிலாகக் கசப்பும் நாற்றமும் கொண்ட சளி உடம்பை மூடியிருக்கிறது. ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், பிலிப்பீன்ஸ், இந்தோனீசியா, ஆஸ்திரேலியா எனப் பரந்த கடற்பகுதியில் வாழ்கிறது. நீளம் 6 அல்லது 7 சென்டிமீட்டர். அதனால் சிறிய தொட்டிக்குப் பொருத்தமானது என்று தோன்றும். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

சிங்கப்பூரில் என் வீவக அடுக்குமாடி வீட்டில் 60 லிட்டர் தொட்டி வைத்திருந்தபோது நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். உறைந்த இறால் போட்டால் சாப்பிடும் என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். ஐந்தாவது வாரம் அது இறந்தது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தன. மீனின் வயிறு மட்டும் ஒட்டிப்போயிருந்தது. அழகான அந்த உயிர் என் கண்முன்னேயே நாள்தோறும் பட்டினி கிடந்திருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. இந்த வீடியோவைச் செய்வதற்கு அதுவே காரணம்.

[காட்சி: மீனின் முகம், மிக அருகில்.]

ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். பாறைக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் நிற்கிறது. கண்கள் உருளுகின்றன. தலை லேசாகச் சாய்கிறது. ஒரு கொத்து. அரை அங்குலம் நகர்கிறது. மறுபடி ஒரு கொத்து. இரையைத் துரத்துவதில்லை, மேற்பரப்புக்கு ஓடி வருவதில்லை. கடலில் துடுப்புக்காலிகள், சிறு புழுக்கள், பொடி நத்தைகள், மீன் முட்டைகள் என்று பகல் முழுவதும் இப்படியேதான் பொறுக்கித் தின்கிறது. நிமிடத்துக்கு ஐந்து கொத்து என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணி நேரத்தில் 3,000 ஆகிறது. பாதி வீணானால்கூட 1,500 இரை. துடுப்புக்காலிகள் ஒளிந்து பெருகச் சில கிலோ பாறை மட்டுமே உள்ள தொட்டியால் எத்தனை நாளுக்கு இதற்கு ஈடுகொடுக்க முடியும்? 200 லிட்டருக்கு மேல், அதுவும் நன்கு முதிர்ந்த தொட்டி வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். அதைவிடச் சிறிய தொட்டி என்றால், குறையும் தீனியை நீங்கள்தான் வளர்த்துத் தர வேண்டும்.

[காட்சி: சமையலறைக்குப் பின்னால், நிழலில் இரண்டு பிளாஸ்டிக் கொள்கலன்கள். ஒன்றில் வெளிர்பச்சைத் தண்ணீர்.]

துடுப்புக்காலிகளை வளர்க்க 5 லிட்டர் கொள்கலன்கள் இரண்டு போதும். ஒன்று கெட்டுப்போனால் மற்றொன்று காப்பாற்றும். ஆகவே ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். தொட்டியில் இருப்பது போன்ற உப்புநீர். காற்றுக்குழாயின் முனையில் குமிழைப் பொடியாக்கும் கல் வேண்டாம். பெரிய குமிழ்கள் நிதானமாக வந்தால் போதும். டிஸ்பி என்ற துடுப்புக்காலி வகையை வாங்குங்கள். இது பரப்புகளில் ஊர்ந்து இடுக்குகளில் ஒளிந்துகொள்வதால் தொட்டிக்குள் விட்ட பிறகும் பெருக வாய்ப்புண்டு. டிக்ரியோபஸ் என்ற இன்னொரு வகை உருவத்தில் பெரியது. ஆனால் திறந்த நீரில் நீந்துவதால் விட்ட வேகத்தில் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடுகின்றன.

தீனிக்கும் தீனி வேண்டும். நுண்பாசி நீரை, அடியில் வைத்த விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் பச்சை நிறம் தெளிந்துவிடும். பசித்திருக்கின்றன என்று பொருள், மறுபடி ஊற்றுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அழுகிப்போய் எல்லாம் ஒரே இரவில் செத்துவிடும்.

சிங்கப்பூரில் நமக்கு ஒரு வசதி: வருடம் முழுவதும் வெப்பம் இருப்பதால் வளர்ப்புக் கொள்கலனுக்குச் சூடேற்றி தேவையில்லை. நேர் வெயில் மட்டும் படக் கூடாது. ஆனால் நம் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் என்ற கிருமிநாசினி இருக்கிறது. ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், இது போகாது. நீக்கும் மருந்தைக் கலக்காமல் அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் துடுப்புக்காலிகள் மிஞ்சாது. பவளத் தொட்டியைக் குளிர்விக்க விசிறி வைத்திருப்பவர்கள் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நன்னீர் சேர்த்து வைத்திருப்பீர்கள். அந்த வாளியை எப்போதும் இறுக மூடி வையுங்கள். டெங்கிக் கொசுவுக்கு ஒரு வாளி போதும்.

[காட்சி: வடிகட்டியில் ஒதுங்கும் வெண்மையான துகள்கள்.]

மூன்று நான்கு வாரங்களில் அறுவடை செய்யலாம். நுண்வலையில் வடித்து, விளக்கு அணைந்த பிறகு, நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாறை இடுக்குகளில் விடுங்கள். வாரம் ஒரு முறை, விடாமல். அப்படியே ஒரு மாதம் போகட்டும். கைவிளக்கு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கடைக்குக் கிளம்பலாம்.

மீன் கடைகள் உள்ள சிராங்கூன் நார்த்தோ வேறு இடமோ, எங்கே போனாலும் மீனை முதலில் மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் பள்ளம் தெரிந்தாலோ முதுகெலும்பு வரி துருத்தியிருந்தாலோ வேண்டாம். பண்ணையில் பிறந்த மீன் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள். உறைந்த தீனிக்குப் பழகியிருக்க வாய்ப்பு அதிகம்.

[காட்சி: மணலில் சாய்த்து வைத்த சிறு கண்ணாடிக் குடுவை. மீன் உள்ளே எட்டிப் பார்க்கிறது.]

இந்தக் குடுவைதான் சாப்பாட்டு மேசை. அன்று பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சுகளை நீண்ட பீச்சாங்குழலால் இதற்குள் விடுகிறேன். உப்புநீரில், 28 டிகிரி வெப்பத்தில் முட்டைகள் ஒரு நாளில் பொரிந்துவிடும். கீழே ஒரு விளக்கை வைத்தால் குஞ்சுகள் ஆரஞ்சு மேகமாக அதனிடம் கூடும். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். முதல் சில மணி நேரத்திலேயே ஊட்டிவிட வேண்டும். பிறகு மஞ்சள் கரு தீர்ந்து சத்துக் குறைந்துவிடுகிறது. மீன் குடுவைக்குப் பழகிய பின், குஞ்சுகளோடு உறைந்த சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு துடுப்புக்காலிதான்) சிறிது கலந்து பாருங்கள். சில மீன்கள் ஏற்றுக்கொள்ளும். சில கடைசிவரை ஏற்பதில்லை. ஏற்காத மீனுக்காகத்தான் அந்த இரண்டு கொள்கலன்கள்.

கூடவே ஆறு வரி ராஸ் மீனை வைக்காதீர்கள். அதே இரையை அது பல மடங்கு வேகமாகத் தின்னும்.

கடற்குதிரை வளர்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். அதற்கு இரைப்பையே கிடையாது. நாளுக்குப் பல முறை ஊட்ட வேண்டும். தனித் தொட்டி அமைக்க முடியாதவர்கள் அதைத் தொட வேண்டாம். நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் புலிவால் கடற்குதிரை இயற்கையாகவே வாழ்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

[காட்சி: பின்கட்டு. கொள்கலனின் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது.]

பாருங்கள், நேற்று பச்சையாக இருந்தது. நுண்பாசிப் புட்டியை எடுத்து வருகிறேன்.