திறமை மட்டும் இல்ல நடுவரே, திருத்தம்தான்!

நடுவர் அவர்களுக்கும் வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இன்னிக்கு தலைப்பு, 'இன் தி ஹைட்ஸ்'ங்கற அமெரிக்க மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமுமா கதை சொல்ற நாடகம், ஜெயிச்சதுக்கு காரணம் திறமையா, திருத்தமா. எனக்கு முன்னாடி பேசுன எதிரணி தம்பி அழகா ஒரு வாதம் வச்சாரு. 19 வயசுப் பையன், காலேஜ் ரெண்டாவது வருஷம், தனியா உக்காந்து ஒரு மியூசிக்கலையே எழுதிட்டான், ராப்பையும் சல்சாங்கற லத்தீன் இசையையும் ஒண்ணா கலந்தான், நியூயார்க்கோட பெரிய நாடக அரங்கங்க இருக்கற பிராட்வேல ஹீரோவாவும் அவனே நடிச்சான், இதுக்குப் பேரு திறமை இல்லாம வேற என்னன்னு கேட்டாரு.

தம்பி, லின்-மானுவல் மிராண்டா அத எழுதினது 1999ல. வெஸ்லியன் யுனிவர்சிட்டி பசங்க மேடை ஏத்தினது 2000ல. பிராட்வேல ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டர்ல ஓப்பனிங் நைட் 2008 மார்ச் 9. நடுவுல எட்டு வருஷம் எங்க போச்சு? திறமை ஒண்ணே போதும்னா அது 2000லயே பிராட்வேக்கு போயிருக்கணுமே!

போகல. ஏன்னா அப்ப அது ஒரு 80 நிமிஷ காதல் கதை, அவ்வளவுதான். 2002ல மிராண்டா காலேஜ் முடிச்சதும் அதே காலேஜ்ல அவருக்கு முன்னாடி படிச்ச தாமஸ் கெய்லும் அவரோட ஃப்ரெண்ட்ஸும் வந்து இத வளக்கலாம்னு சொல்றாங்க. இடம் எது தெரியுமா, நியூயார்க்ல டிராமா புக் ஷாப்னு ரொம்ப காலமா இருக்கற ஒரு நாடகப் புத்தகக்கடை, அதோட பேஸ்மென்ட். நடிகர்கள கூப்பிட்டு கைல பேப்பரோட படிக்க வைக்கறது, எந்த எடத்துல கேக்கறவங்க நெளியறாங்கன்னு பாக்கறது, அடிக்கறது, திரும்ப எழுதறது, மறுபடி கூப்பிட்டு படிக்க வைக்கறது, இப்படியே வருஷக்கணக்குல. மிராண்டா அப்போ தான் படிச்ச ஸ்கூல்லயே டீச்சர் வேலை பாத்துக்கிட்டு இத பண்ணாரு.

2004ல கியாரா அலெக்ரியா ஹியூடஸ் கதை வசனம் எழுத வந்தாங்க. பிலடெல்பியாக்காரங்க, அம்மா போர்ட்டோ ரிக்கோ. கதையோட தலையெழுத்தே அங்கதான் மாறுச்சுன்னு நான் நெனைக்கிறேன். காதல் கொஞ்சம் ஓரமா நகருது, தெரு நடு மேடைக்கு வருது. ஆரம்ப வடிவங்கள்ல லிங்கன்னு ஒரு பாத்திரம், கதைல வர்ற நீனாங்கற பொண்ணோட அண்ணன். பல வருஷம் கூடவே இருந்தவன். பிராட்வே மேடைல அவன் இல்லவே இல்ல! மொத்தமா எடுத்துட்டாங்க. நானும் சின்ன சின்ன நாடகம் எழுதறவதான், ஒரு வசனத்த வெட்டவே எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போகும், இவங்க வளத்த பிள்ளையவே வெளிய அனுப்பிருக்காங்க. அனுப்புனப்புறம்தான் நீனாவோட பாரம் முழுசா தெரியுது. டாக்ஸி கம்பெனி நடத்தற அப்பா அம்மா தலைமேல தூக்கி வச்சு ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பின பொண்ணு, படிப்ப விட்டுட்டு தெருவுக்கு திரும்பி வந்து அத வீட்ல எப்படி சொல்றதுன்னு நிக்கிறா. எந்த ஊருக்கு பொழைக்கப் போன குடும்பத்துக்கும் இது புரியும்ங்க.

அந்த தெருவ கொஞ்சம் பாருங்க. மன்ஹாட்டன் மேல் முனை, வாஷிங்டன் ஹைட்ஸ், டொமினிகன் குடும்பங்க நெறைய இருக்கற ஏரியா. காலைல நம்ம ஹீரோ உஸ்னாவி தன்னோட சின்ன மளிகைக் கடைய திறக்கறான், ஃபிரிட்ஜ் ரிப்பேர், பால் கெட்டுப்போச்சு, காபிக்கு என்ன பண்றதுன்னு முழிக்கறான். கிளாடியா பாட்டி வந்து ஒரு டின் கண்டென்ஸ்ட் மில்க் ஊத்துப்பான்னு எங்கம்மா கைப்பக்குவம் சொல்லிக்குடுக்கறாங்க. அவ்வளவுதான் சீன். கியூபாலேர்ந்து வந்து வீட்டு வேலை பாத்து நாள கழிச்ச அந்தம்மா யாருக்கும் ரத்த சொந்தம் இல்ல, ஆனா தெருவுக்கே பாட்டி. 1957ல வெஸ்ட் சைட் ஸ்டோரிங்கற மியூசிக்கல் வந்ததுலேர்ந்து பிராட்வேல லத்தீன் மக்கள்னாலே, அதாவது லத்தீன் அமெரிக்காலேர்ந்து வந்த குடும்பங்கள்னாலே, பெரும்பாலும் கைல கத்தியோட வர்ற கும்பலாத்தான் காட்டுனாங்க, அதுக்கு பதிலா ஒரு பால் டின்ன வச்சதுதான் இந்த நாடகம். 

2005ல புது நாடகங்கள வளத்தெடுக்கற ஓ'நீல் தியேட்டர் சென்டர்ல வச்சு திருத்துனாங்க, 2007ல ஆஃப்-பிராட்வேல, அதாவது பிராட்வேய விட சின்ன அரங்கங்கள்ல ஒண்ணான 37 ஆர்ட்ஸ்ல ஓட்டுனாங்க, அதுக்கப்புறமும் கை வச்சுட்டுதான் பிராட்வே போனாங்க.

எதிரணி டோனி அவார்டப் பத்தி, அதான் பிராட்வே நாடகங்களுக்கு குடுக்கற பெரிய விருதப் பத்தி பேசுனாங்க. சரி, 2008ல 13 நாமினேஷன், 4 அவார்டு. பாட்டுக்கு வாங்குனது மிராண்டா, மறுக்கல. நடனத்துக்கு ஆண்டி பிளாங்கன்பியூலர். ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு, அதாவது பாட்டுக்கு எந்த வாத்தியம் எங்க வரணும்னு அமைக்கறதுக்கு, அலெக்ஸ் லாகமோரும் பில் ஷெர்மனும். சிறந்த மியூசிக்கல் அவார்டு தயாரிப்பாளர்களுக்கு. ஆக நாலுல அவர் பேர்ல வந்தது ஒண்ணு! அவரோட பாட்டையே மத்தவங்க கை பட்டு பட்டுத்தான் 1,184 ஷோ ஓடற அளவுக்கு ஆக்குனாங்க.

2021ல படமா வந்தப்ப கூட, அந்த தெருவுல இருக்கற கருப்புத் தோல் ஆஃப்ரோ-லத்தீன் மக்கள முக்கிய வேஷங்கள்ல காணோமேன்னு மக்கள் கேட்டாங்க, நியாயமான கேள்வி, மிராண்டா மன்னிப்பு கேட்டாரு. எழுத ஆரம்பிச்சு 22 வருஷம் கழிச்சும் திருத்த வேண்டியது பாக்கி இருந்திருக்கு நடுவரே.

கடைசியா ஒண்ணு. நாடகத்துல அதே தெருவுல டேனியலாங்கற அம்மா நடத்தற சலூன், வாடகை ஏறி நியூயார்க்கோட இன்னொரு பகுதியான பிராங்ஸுக்கு போயிரும். அதே வாடகைப் பிரச்சனை அந்த டிராமா புக் ஷாப்புக்கும் வந்துச்சு. 1917லேர்ந்து இருந்த கடை, இருந்த எடத்த காலி பண்ற நிலைமை. 2019ல மிராண்டா, கெய்ல், ஷோவோட தயாரிப்பாளர் ஜெஃப்ரி செல்லர், தியேட்டர் ஓனர் ஜேம்ஸ் நெடர்லாண்டர், நாலு பேரும் சேந்து அந்தக் கடைய வாங்கி, 2021ல 39வது தெருவுல மறுபடி திறந்தாங்க. எழுதின காலேஜ் ரூம அவரு தேடிப் போகலங்க, திருத்துன பேஸ்மென்ட் இருந்த கடையத்தான் காப்பாத்தப் போனாரு. தீர்ப்ப நீங்க சொல்லுங்க நடுவரே. நன்றி, வணக்கம்.