பிரேக் பேடும் லிங்க் ராடும் மாத்தினதுக்கு அப்புறம் 'லொட லொட' சத்தமா? – நேயர் கேள்விக்கு பதில்

அடுத்த கேள்விக்குப் போவோம். "2018 ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. முன்பக்க பிரேக் பேடு, ரெண்டு பக்க லிங்க் ராடு, எல்லாம் வீட்லயே மாத்தினேன். அன்னைலேர்ந்து மேடு பள்ளத்துல போனா இடது முன்பக்கம் லொட லொடன்னு சத்தம். ஷாக் அப்சார்பரையும் மாத்திடட்டுமா?"ன்னு கேட்டிருக்காரு. லிங்க் ராடுங்கறது, வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கற ஸ்டெபிலைசர் பாரை ஷாக் அப்சார்பரோட இணைக்கற சின்ன கம்பி.

வேணாங்க. வேலைக்கு முன்னாடி இல்லாத சத்தம் இப்ப வருதுன்னா, நீங்க கை வச்ச இடத்துலதான் முதல்ல தேடணும். ஷாக் அப்சார்பர் அதே நாள்ல கெட்டுப் போகறதுங்கறது அபூர்வம்.

வண்டியை ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி வீல் நட்டையும், பிரேக் பேடைப் பிடிச்சிருக்கற காலிப்பரோட போல்ட்டையும் செக் பண்ணிடுங்க. இது சத்தத்துக்காக இல்ல, உயிருக்காக. வீல் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர்) போடுங்க. சின்ன கார்கள்ல பெரும்பாலும் 85லேர்ந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கற எண்ணைத்தான் எடுத்துக்கணும். அப்படியே டிக்கியையும் திறந்து பாருங்க. வேலைக்கு எடுத்த ஜாக்கியை சரியா மாட்டாம சும்மா வச்சிருப்போம், அது உருண்டு ஊரைக் கூட்டும். சிரிக்காதீங்க, நிறைய பேருக்கு விஷயம் அதோட முடிஞ்சிரும்.

இப்ப சத்தம் பேடுல வருதா, லிங்க் ராடுல வருதான்னு பிரிக்கணும். ஆள் நடமாட்டம் இல்லாத குண்டும் குழியுமான ரோட்டுல 15, 20 கிலோமீட்டர் வேகத்துல போங்க. சத்தம் வரும்போது பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போங்க. சத்தம் நின்னுடுச்சா? அப்ப பேடுதான். காலிப்பர்ல இருக்கற பிஸ்டன், சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கோட பேடைச் சேத்து அழுத்திட்டா, அது ஆடறதுக்கு இடம் இருக்காது. காலிப்பர் பிராக்கெட்ல பேடு உக்கார்ற இடத்துல மெல்லிசா தகடு கிளிப் இருக்கும். பழைய கிளிப்பையே போட்டு அது தளர்ந்திருக்கலாம், இல்ல ஒண்ணு மாட்டாமலே விட்டிருக்கலாம். புது கிளிப் செட் போடுங்க.

பிரேக் மிதிச்சும் சத்தம் நிக்கலைன்னா லிங்க் ராடுக்கு வாங்க. என் சந்தேகம் இதுலதான் அதிகம். லிங்க் ராடோட ரெண்டு முனையிலயும் பால் ஜாயிண்ட் இருக்கும். நட்டை முறுக்கும்போது உள்ள இருக்கற ஸ்டட்டும் கூடவே சுத்தும். அது பெரும்பாலும் நைலான் வளையம் வச்ச நட்டு, சும்மாவே இறுக்கமாத்தான் திரும்பும். அதனால டைட் ஆயிடுச்சுன்னு கை நம்பிடும், ஆனா நட்டு முழுசா உக்காந்திருக்காது. ஸ்டட் முனையில அலன் கீ போடற குழி இருந்தா அலன் கீயைப் போடுங்க, பின்பக்கம் தட்டையா இருந்தா மெல்லிசான ஸ்பேனரைப் போடுங்க. ஸ்டட் சுத்தாம பிடிச்சுக்கிட்டுதான் நட்டை முறுக்கணும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு. வண்டி நாலு சக்கரத்துல தரையில நிக்கணும், இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை விட்டு லிங்க் ராடு மேல் முனையைப் பிடிச்சுக்கோங்க. இன்னொருத்தரை வண்டியை பக்கவாட்டுல ஆட்டச் சொல்லுங்க. லூஸா இருந்தா விரல்ல 'டக்'குன்னு தட்டும், காதுல விழறதுக்கு முன்னாடியே தெரியும். கழட்டிப் பாத்தா லிங்க் ராடு மாட்டற பிராக்கெட் ஓட்டையைச் சுத்தி பெயிண்ட் தேஞ்சு பளபளன்னு இருக்கும்.

திரும்ப மாட்டும்போது ரெண்டு முன் சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி ஜாக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கும், லிங்க் ராடு ஓட்டைக்கு நேரா வராது. நெம்பி மாட்டப் போனா மரை போயிடும். நட்டும் புதுசாப் போடுங்க.

இதே வேலை செஞ்சு, மேடு பள்ளம் இல்லாமலே 'சர்ர் சர்ர்'னு கேக்குதுன்னு சொல்றவங்களுக்கு: 14 இன்ச் வீல்ல, 20 கிலோமீட்டர் வேகத்துல சக்கரம் நொடிக்கு கிட்டத்தட்ட மூணு சுத்து சுத்தும். சத்தமும் அதே கணக்குல வந்து, வேகம் கூடக் கூட நெருக்கமா கேட்டா, டிஸ்க்குக்குப் பின்னால இருக்கற தகடு உரசுது, இல்ல நடுவுல சின்ன கல் மாட்டியிருக்கு. வீலைக் கழட்டி, தகடை டிஸ்க்கை விட்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர் விலகற மாதிரி வளைச்சு விடுங்க. டிஸ்க்கைக் கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாத்துட்டு வீலை மாட்டுங்க.