"கிரைஸ் 1762" என்று பொறித்த துப்பாக்கிக்கு உண்மையில் என்ன வயது? பூட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

[திரையில்: இரண்டு பூட்டுத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில்]

வணக்கம் நண்பர்களே. இரண்டு தகட்டிலும் ஒரு கிரீடம், அதன் கீழே அரசர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்துகள், தகட்டின் பின்முனையில் "கிரைஸ் 1762", அதாவது பூட்டு செய்தவர் பெயரும் வருடமும். ஒன்று 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் பட்டறையில் கையால் ராவிச் செய்தது. இன்னொன்று நம் காலத்தில் இத்தாலியில் பெடர்சோலி கம்பெனி தயாரிக்கும் மாதிரித் துப்பாக்கியின் பூட்டு. வீடியோவை நிறுத்திவிட்டு எது எது என்று கமென்டில் எழுதுங்கள், அப்புறம் தொடருங்கள்.

எழுதியாச்சா? வலது பக்கம் இருப்பது புதுசு. கம்பெனி அதை மாதிரி என்று சொல்லித்தான் விற்கிறது, குழலில் இத்தாலியச் சோதனை முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும். இரண்டு மூன்று கை மாறி, யாரோ அந்த முத்திரையை ராவி எடுத்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இடது பக்கத்து அசலிலும் 1762 என்பது துப்பாக்கியின் வயது இல்லை. அன்றைய பிரிட்டிஷ் ஆயுத வாரியம் பூட்டை ஓரிடத்தில், குழலை வேறிடத்தில் செய்யச் சொல்லி வாங்கி, லண்டன் டவரில் குவித்து வைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது எடுத்துக் கட்டையில் பொருத்துவார்கள். பூட்டு பல வருடம் பெட்டியில் கிடந்திருக்கலாம். அதனால் என் பழக்கம் இதுதான்: பெயரையும் வருடத்தையும் கடைசியில் படிப்பேன், முதலில் இரும்பைப் பார்ப்பேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிப்பார்கள். குழலின் அடியில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, அதற்கு வெளியே ஒரு கிண்ணி. கிண்ணியில் கொஞ்சம் மருந்து. அதில் நெருப்புப் பட்டால் துளை வழியாக உள்ளே போகும், துப்பாக்கி வெடிக்கும். அந்த நெருப்பை உண்டாக்கும் பொறிக்குத்தான் பூட்டு என்று பெயர்.

முதலில் வந்தது மேட்ச்லாக். வளைந்த ஒரு கை, எரியும் திரியைப் பிடித்துக்கொண்டு கிண்ணியில் இறக்கும். 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, ஐரோப்பியப் படைகளில் 1700 வாக்கில் முடிந்துவிட்டது.

[திரையில்: வீல்லாக், மெதுவாகச் சுழலும் காட்சி]

அடுத்தது வீல்லாக். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனசு வராது. சிகரெட் லைட்டரில் கட்டை விரலால் சுற்றுவீர்களே ஒரு சின்னச் சக்கரம், அதே வேலைதான் இங்கேயும். ஓரம் முழுக்கப் பல் வெட்டிய எஃகுச் சக்கரம். ஒரு சாவியை மாட்டித் திருகினால், உள்ளே ஒரு குட்டிச் சங்கிலி சக்கரத்தின் அச்சைச் சுற்றிக்கொண்டு ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கும். விசையை அழுத்தினால் சக்கரம் விர்ரென்று சுழலும். மேலே கவ்வியில் இருக்கும் இரும்புப் பைரைட் கல் அதில் உரசிக் கிண்ணியில் பொறி கொட்டும். மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல், 1500-களின் தொடக்கத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் இதன் வரைபடம் இருக்கிறது. 1505-இல் நியூரம்பர்க்கில் மார்ட்டின் லோஃபெல்ஹோல்ட்ஸ் தொகுத்த கையெழுத்துப் பிரதியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. முதலில் செய்தது இத்தாலியரா ஜெர்மானியரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எரியும் திரியோடு ஒருவர் ஒளிந்து நிற்க முடியாது. வாசனை காட்டிக்கொடுக்கும், இருட்டில் கங்கும் தெரியும். வீல்லாக்கை முறுக்கி வைத்து மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு யார் பக்கத்திலும் போய் நிற்கலாம். பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517-லேயே தன் நாட்டில் இதற்குத் தடை போட்டுவிட்டார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஐநூறு வயது என்று பலருக்குத் தெரியாது.

வீல்லாக்கில் வயது பார்க்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழையவற்றில் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 17-ஆம் நூற்றாண்டு போகப் போகத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெரிய ஸ்பிரிங் தகட்டோடு சேராமல் தனியாகக் கட்டைக்குள் பொருத்தியிருந்தால் அது பிரெஞ்சுப் பாணி. ஸ்பிரிங் வெளியே தெரிய, கட்டை ஒல்லியாக, எலும்பும் சிப்பியும் பதித்திருந்தால் சைலீசியா பக்கம் செய்த சிங்க்கே என்ற பறவை வேட்டைத் துப்பாக்கி. ஒரு எச்சரிக்கை: ஜெர்மன் வேட்டைக்காரர்கள் வீல்லாக்கை 18-ஆம் நூற்றாண்டிலும் விடவில்லை. பூட்டின் வகை "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லும். "இதற்குப் பிறகு இருக்க முடியாது" என்று ஒருபோதும் சொல்லாது.

வீல்லாக் விலை அதிகம், பழுது பார்ப்பதும் கஷ்டம். அதனால் சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் அடிக்கும் பூட்டுகள் வந்தன. அடி வாங்கும் எஃகும் கிண்ணியின் மூடியும் தனித்தனியாக இருந்தால் ஸ்னாப்ஹான்ஸ். கவ்விக்குப் பின்னால் தகட்டின் வெளியே ஒரு கொக்கி இருந்தால் டாக்லாக், பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. பெரிய ஸ்பிரிங்கே வெளியில் இருந்தால் மிக்கேலெட், ஸ்பெயினும் தென் இத்தாலியும். மிக்கேலெட் 19-ஆம் நூற்றாண்டு வரை ஓடியது, அதனால் அதை வைத்து மட்டும் வயது சொல்லவே கூடாது. இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு சேதி: பழைய சிங்களத் துப்பாக்கிகளில் பூட்டு குழலின் இடது பக்கம் இருக்கும். அதில் போர்த்துகீசியப் பூட்டின் சாயல் தெரியும். மியூசியத்தில் பார்த்தால் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம்.

[திரையில்: ஃபிளிண்ட்லாக், உள்பக்கமும் வெளிப்பக்கமும்]

இப்போது ஃபிளிண்ட்லாக். பிரான்சில் லிசியூ ஊரைச் சேர்ந்த மரென் லெ பூர்ஜுவா 1610-களில் செய்ததாகச் சொல்வார்கள். இதில் எஃகும் மூடியும் ஒரே துண்டாக எல் வடிவத்தில் இருக்கும். கல் அடித்ததும் அந்தத் துண்டே முன்னால் சாய்ந்து கிண்ணியைத் திறந்து விடும். பொறி நேராக மருந்தில் விழும்.

இருநூறு வருடத்துக்கு மேல் ஓடிய இந்தப் பூட்டில் வயது பார்ப்பது சின்னச் சின்ன இடங்களில்தான். பிரிட்டிஷ் படையின் பிரவுன் பெஸ் என்ற துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1730-இன் லாங் லேண்ட் மாதிரியில் தகட்டின் அடி வாழைப்பழம் போல வளைந்திருக்கும், பிறகு நேராகிவிடும். அடுத்து, எல் வடிவ எஃகு எந்தத் திருகாணியில் ஆடுகிறது என்று பாருங்கள். பழைய பூட்டில் அந்தத் திருகாணிக்கு ஒரு பக்கம்தான் பிடிப்பு, ஆடி ஆடித் தேய்ந்துவிடும். கிண்ணியிலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு வந்து வெளிமுனையையும் பிடித்திருந்தால், பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியில் அது 1740 வாக்கில் வந்தது. அரை விரல்கூட இல்லாத ஒரு துண்டு இரும்பு இவ்வளவு சொல்கிறது! பணக்காரர்களின் வேட்டைத் துப்பாக்கியில் இதே கை இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது, அதனால் படைக் கணக்கை அங்கே போடாதீர்கள். எஃகுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு குட்டி உருளை இருந்தால், இங்கிலாந்து வேட்டைத் துப்பாக்கிகளில் 1770-களுக்குப் பிறகு என்று வையுங்கள். கவ்வியின் கழுத்து அன்னத்தின் கழுத்து மாதிரி ஒல்லியாக வளைந்திருக்கிறதா, நடுவில் ஓட்டை விட்டுத் தடிமனாக இருக்கிறதா? "இந்தியா பேட்டர்ன்" என்ற வகை பிரவுன் பெஸ்ஸில் 1809-இல் தடிமனுக்கு மாறினார்கள்.

இப்போது எழுத்துக்கு வரலாம். 1764 வரை பூட்டு செய்தவர் பெயரும் வருடமும் பொறித்தார்கள், அதன்பின் "டவர்" அல்லது "டப்ளின் காசில்" மட்டும். ஆகவே அரசுப் படைக்குச் செய்த ஃபிளிண்ட்லாக்கில் "டவர் 1780" என்று யாராவது காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று யோசியுங்கள். கல்லுக்குப் பதில் கேப் என்ற குட்டிச் செப்புத் தொப்பியை அடித்து வெடிக்க வைத்த பிற்காலப் பூட்டுகளில்தான் வருடம் திரும்ப வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்தவற்றுக்குக் கணக்கே வேறு. அதில் வருடம் இருக்கும். கூடவே 1808-க்கு முன் நான்காகப் பிரித்த இதய முத்திரை, அதற்குப் பின் கிரீடம் ஏந்தி எழுந்து நிற்கும் சிங்கம்.

[திரையில்: வாசனைத் திரவிய பாட்டில் போன்ற பூட்டு]

ஃபிளிண்ட்லாக்குக்கு முடிவு கட்டியவர் ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். வாத்து வேட்டைக்காரர். ஃபிளிண்ட்லாக்கில் கிண்ணி பளிச்சென்று எரிந்த பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த ஒரு கணத்தில் பறவை உஷாராகி ஓடிவிடும். கடுப்பான பாதிரியார், அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பை வைத்துப் புதுப் பூட்டு செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். மருந்து வைக்கும் டப்பா வாசனைத் திரவிய பாட்டில் மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. இதிலிருந்து, அடித்தால் வெடிக்கும் மருந்தை உள்ளே வைத்த அந்தச் செப்புக் கேப் வந்தது. 1840-களுக்குள் பெரிய படைகள் எல்லாம் மாறத் தொடங்கிவிட்டன.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த துப்பறியும் வேலை. பழைய ஃபிளிண்ட்லாக்கைத் தூக்கிப் போடாமல் கிண்ணியை அறுத்து, எஃகைக் கழற்றி, கேப் சுத்தியல் மாட்டி மாற்றிக்கொண்டார்கள். தகட்டில் காரணமில்லாமல் அடைத்த ஓட்டைகள் இருந்தால் அவை எஃகின் திருகாணியும் அதன் ஸ்பிரிங்கின் திருகாணியும் இருந்த இடம். மாற்றியது தப்பே இல்லை, அதுவும் அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கைதான். ஆனால் ஃபிளிண்ட்லாக்குக்கு விலை அதிகம் என்பதால் சிலர் அதைத் திரும்பவும் ஃபிளிண்ட்லாக்காக மாற்றி, "அசல்" என்று விற்கிறார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வரும்.

[திரையில்: தீத்துளையின் மிக நெருக்கக் காட்சி]

இந்தத் துளையைப் பாருங்கள். நிஜமாகவே சுட்ட ஃபிளிண்ட்லாக்கில், துளையைச் சுற்றிக் குழலின் இரும்பு அம்மைத் தழும்பு போல அரித்திருக்கும், பக்கத்துத் தகட்டிலும் அந்த அரிப்பு தொடரும். குழல் அரித்து, கிண்ணி மட்டும் வழவழப்பாக இருந்தால் கிண்ணி புதுசு. துளையைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஒரு கோடு தெரிந்தால், கேப் மாட்டக் குடைந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்றிக் கட்டையில் தோண்டிய குழியைப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அதனதன் அளவில் குழி இருக்கும். இல்லாத பாகத்துக்கு ஒரு குழி இருந்தால் பூட்டே மாறியிருக்கிறது. திருகாணித் தலைகளில் அரத்தால் கீறிய ஒன்று, இரண்டு, மூன்று கோடுகள் தெரிகிறதா? பாகங்கள் கலந்துவிடாமலிருக்கப் பட்டறைக்காரர் போட்ட அடையாளம். எல்லாம் ஒரே வரிசையில் பொருந்தினால், எனக்கு எந்தச் சான்றிதழையும்விட அது போதும்.

எந்தப் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள், தயவுசெய்து. நூறு வருடமாகக் கெட்டித்தபடியே கிடக்கும் துப்பாக்கிகள் இன்னும் கிடைக்கின்றன, கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் இன்றும் எரியும். குழலின் வாயை உங்கள் பக்கமோ பிறர் பக்கமோ திருப்பாமல், ஒரு மரக் குச்சியை உள்ளே அடிவரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலின் வெளியே வைத்துப் பாருங்கள். நுனி தீத்துளை வரை வந்தால் காலி. இரண்டு விரல் முன்னாலேயே நின்றால் பூட்டைத் தொடாதீர்கள், விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மியூசியத்திலோ எங்கேயோ எடுத்த படம் இருந்தால் கமென்டில் இணைப்புப் போடுங்கள். தகட்டின் முன்பக்கம், தீத்துளை, கவ்வியின் கழுத்து மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் போதும், அடுத்த வீடியோவில் சேர்ந்தே பார்ப்போம்.