கை வேலை செய்கிறது, மனம் என்ன செய்கிறது?

தர்மபுரி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் அன்பான வணக்கம்.

இந்த நேரத்தில் ரேடியோ கேட்கிறவர்களில் பலர் அடுப்படியில்தான் இருப்பீர்கள். ஒரு பக்கம் களிக்கு உலை கொதிக்கும், இன்னொரு பக்கம் பிள்ளையின் டிபன் பாக்ஸ் மூடியில்லாமல் காத்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல மாட்டேன். வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். கை வேலை செய்கிற நேரத்தில் மனம் என்ன செய்துகொண்டிருக்கிறது?

குடும்பம் நடத்துகிற நாம் நம் எண்ணங்களை எப்படிக் காத்துக்கொள்வது, அதற்குக் கிறிஸ்தவ விசுவாசம் என்ன வழி காட்டுகிறது என்று பேசச் சொன்னார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வேதத்திலிருந்து நான் பேசுகிறேன். மற்றபடி மாமியாரும் மருமகளும், கடனும் சந்தேகமும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதானே?

தை, மாசி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி குவிந்திருக்கும். ஓடு நீக்கிய பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டுவார்கள். பிளந்த பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்கி ஒரு பக்கம், நாரை உருவி இன்னொரு பக்கம், சதையை முறத்தில். கூலி கிலோக் கணக்கில். புளிப்பு விரல் நுனியில் ஏறிப்போய், ராத்திரி சோறு பிசையும்போது சுரீரென்று எரியும். பழகிய கைக்கு இந்த வேலையில் கண்ணே தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சில் பொழுது போய்விடும். தனியாக உட்கார்ந்தால்தான் சிக்கல். போன வருஷம் ஒரு விசேஷத்தில் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்து உட்காரும். "அவ அப்படிச் சொன்னப்ப நான் இப்படித் திருப்பிக் கேட்டிருக்கணும்." அதற்கு அவள் ஒன்று சொல்வாள். அதற்கு நாம் ஒன்று. அப்புறம் அவளுடைய அம்மாவும் உள்ளே வருவார். முறம் நிறைவதற்குள் ஒரு பெரிய சண்டை போட்டு, அதில் ஜெயித்தும் இருப்போம். அந்த நாத்தனாரோ பாவம், ஓசூரில் தன் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் "என்ன அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று அவள் போன் பண்ணினால், நம் குரலில் எதற்கு இவ்வளவு சூடு என்று அவளுக்குப் புரியவே புரியாது.

வேதத்தில் எண்ணங்களைக் காத்துக்கொள்வது பற்றி அதிகம் சொல்லப்படுகிற வசனம் பிலிப்பியர் 4:7. பிலிப்பி ஊர்ச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தில் இருப்பது. வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் பார்த்திருப்பீர்கள். "அப்பொழுது, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்." அழகான வசனம். ஆனால் நாம் அதைக் காலண்டரில் கிழித்துப் படிப்பதால், அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று பார்ப்பதில்லை. ஐந்து வசனம் மேலே போங்கள். அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்: எயோதியாள், சிந்திகேயாள். இருவரும் பிலிப்பி சபையைச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருங்கள் என்று பவுல் அப்போஸ்தலர் பெயர் சொல்லி இருவருக்கும் எழுதுகிறார். அவரோ அப்போது சிறைக் கட்டுகளில் இருக்கிறார்.

என்ன சண்டை என்று அவர் எழுதவில்லை. நல்லவேளை. எழுதியிருந்தால் யார் பக்கம் நியாயம் என்று இத்தனை நூற்றாண்டாகப் பட்டிமன்றம் நடத்தியிருப்போம். அவர் எழுதியது வேறு. இந்தப் பெண்கள் சுவிசேஷ வேலையில் என்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள் என்கிறார். அங்கே இருக்கிற ஒரு கூட்டாளியிடம், இவர்களுக்கு உதவி செய் என்று கேட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் கவலைப்படாதிருங்கள், எல்லாவற்றையும் ஜெபத்தில் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள், தேவசமாதானம் உங்கள் சிந்தைகளைக் காக்கும் என்று வருகிறது. ஆக, அந்த வசனம் முதலில் வாசிக்கப்பட்டது, மனஸ்தாபத்தோடு ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் காதுபடத்தான்.

நம் பிரசங்கங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "எதையும் யோசிக்காதீங்கம்மா, ஆண்டவரிடம் விட்டுடுங்க" என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிடுகிறார்கள். யோசிக்காதே என்றால் மனம் யோசிக்காமல் இருக்குமா? பவுல் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே மனதுக்கு வேலை கொடுக்கிறார். உண்மையுள்ளவை எவையோ, ஒழுக்கமுள்ளவை எவையோ, நீதியுள்ளவை, கற்புள்ளவை, அன்புள்ளவை, நற்கீர்த்தியுள்ளவை எவையோ, "அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்கிறார். இந்த வரிசையில் முதலில் இருப்பது உண்மை. நாத்தனாரோடு மனதுக்குள் போட்ட சண்டையில் அவள் பேசினதாக நாம் கேட்டதில் எவ்வளவு உண்மை? அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். மீதியெல்லாம் அவளுக்காக நாம் பேசியது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரை வைத்துச் சொன்னால் போதும். நம் போர்த் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். குடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கிற தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்த பிள்ளைகளின் பல்லில் பழுப்பு ஏறியது. பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகியது. எந்த நாளில் குடித்த எந்தச் சொம்புத் தண்ணீர் அதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சிக் குடித்தாலும் பலனில்லை. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் வற்றும், புளோரைடு அப்படியே நிற்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. வேறு தண்ணீர் வந்த பிறகுதான் விடிவு. கசப்பான நினைப்பும் இப்படித்தான். அதையே திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பிரயோஜனமில்லை. "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்று நீதிமொழிகள் 4:23 சொல்கிறது. அந்த ஊற்றிலிருந்துதான் வீட்டில் எல்லாரும் குடிக்கிறார்கள், கைக்குழந்தை உட்பட.

சரி, வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

இங்கே கொஞ்சம் பழைய காலத்துக்குப் போகிறேன். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி, எங்களில் துறவிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு வனத்து அந்தோணியாரை நன்றாகத் தெரிந்திருக்கும். எகிப்து பாலைவனத்தில் தனியே தவம் இருந்தவர். அவரைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. ஒரு சமயம் அவருக்கு மனச்சோர்வு. எண்ணங்கள் விடாமல் மொய்க்கின்றன. "ஆண்டவரே, இந்த எண்ணங்கள் என்னை விடமாட்டேன் என்கின்றனவே, நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார். வெளியே வந்து பார்த்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார். வேலையை வைத்துவிட்டு எழுந்து ஜெபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து ஓலையைத் திரித்துக் கயிறு முறுக்குகிறார். மறுபடி எழுந்து ஜெபிக்கிறார். அது தேவதூதன் என்கிறது அந்தச் செய்தி. "இப்படிச் செய், பிழைப்பாய்" என்று ஒரு குரல் கேட்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் புளித் திண்ணைதான் கண்ணில் வந்தது. வேலை, ஜெபம், மறுபடி வேலை. மலைக்குப் போக வேண்டாம், மூன்று மணி நேரம் முழங்காலில் நிற்க வேண்டாம். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முடிகிற ஜெபமும் ஜெபம்தான்.

அதே பாலைவனத்தில் 399-ல் இறந்துபோன எவாக்ரியுஸ் என்று ஒருவர். மனிதனைத் தொந்தரவு செய்கிற எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண் பெருமை, அகந்தை. அதில் சோர்வைப் பற்றி அவர் எழுதியதைக் கேளுங்கள். அது நடுப்பகலில் வருமாம். சூரியன் நகரவே மாட்டேன் என்பது போலத் தோன்றுமாம். துறவி ஜன்னலையே எட்டி எட்டிப் பார்ப்பாராம். இருக்கிற இடம் பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது, வேறு எங்கேயாவது இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுமாம். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி எழுதியது இது! பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குச் செல்போனைக் கையில் எடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். ஜன்னலுக்குப் பதில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கூடப் படித்தவள் பெங்களூரில் புது பிளாட்டில் பால் காய்ச்சுகிறாள். தங்கை குடும்பத்தோடு ஏற்காட்டில். நமக்கு மட்டும் இந்தச் சிமெண்ட் ஷீட் வீடும் இந்தப் புளியும்.

எண்ணங்கள் வருவதும் வராமல் இருப்பதும் நம் கையில் இல்லை, வந்தது தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் என்று எவாக்ரியுஸ் சொல்கிறார். இது எனக்குப் பெரிய ஆறுதல். "இப்படி ஒரு கெட்ட நினைப்பு வந்துவிட்டதே, நான் விசுவாசியா?" என்று அழுகிற பெண்களை எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பார்க்கிறேன். வந்ததற்காக அழ வேண்டாம். வந்ததற்கு என்ன பதில் சொன்னோம் என்று பார்த்தால் போதும். அதற்காகவே எவாக்ரியுஸ் ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிரே ஒரு வேத வசனத்தை வைத்துத் தொகுத்தார். அவர் மாதிரியாகக் கொண்டது இயேசுவை. வனாந்தரத்தில் சோதனை வந்தபோது மூன்று தடவையும் இயேசு வேதத்தைச் சொல்லித்தான் பதில் கொடுத்தார்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இதைத் தன் போக்கில் செய்கிறார். அவர் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. சனிக்கிழமைதான் வருவார். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் பண்ணி அவர் எடுக்கவில்லை என்றால், ஒன்பதே காலுக்குள் அக்காவின் மனதில் சாரம் சரிந்துவிடும். ஒன்பதரைக்கு வேறு மாதிரி சந்தேகம் வரும். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். தேதி கிழித்த வசனக் காலண்டர் தாள்களில் தனக்குத் தேவையானதை உப்பு ஜாடிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். பயம் வந்தால், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்", சங்கீதம் 56:3. ஸ்டேட்டஸ் பார்த்து மனம் வாடினால், "உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்", எபிரெயர் 13:5. வாய்விட்டுச் சொல்கிறார். மனதுக்குள் சொன்னால் அது நினைப்போடு நினைப்பாகக் கலந்துவிடுகிறதாம். வாய்விட்டுச் சொன்னால் காதும் கேட்கிறதாம். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். பத்து மணிக்கு வீட்டுக்காரரே கூப்பிடுவார், "போனை சார்ஜில் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்" என்று.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எண்ணத்தைக் காத்துக்கொள் என்பதை அடியை வாங்கிக்கொள் என்று அர்த்தப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சபைக்குள்ளும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் பிரச்சினை மனைவியின் எண்ணத்தில் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அதே மாதிரி, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட மனம் வரவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், அது விசுவாசக் குறைவு கிடையாது. அது நோய். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. மாத்திரையும் போடலாம், ஜெபமும் பண்ணலாம்.

கடைசியாக ஆண்களுக்கு. ரேடியோ அடுப்படியில் பாடினாலும் திண்ணையில் பேப்பர் படிக்கிறவருக்கும் கேட்கத்தான் செய்யும். மனக்காவல் வீட்டுக்காரிக்கு மட்டும் சொன்னது என்று இருந்துவிடாதீர்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4:26 எல்லாருக்கும் சொல்கிறது. கொலோசெயர் 3:19 உங்களுக்கென்றே சொல்கிறது: "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்." அடமான நகையை மீட்கவில்லை, மேஸ்திரி திட்டினான், தக்காளி விலை விழுந்துவிட்டது என்று வெளியில் சேர்ந்த எரிச்சலை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து குழம்பில் உப்பு இல்லை என்று அவிழ்க்கிற பழக்கம் நம்மில் உண்டு. வண்டியை நிறுத்திவிட்டுக் கால் கழுவுகிற இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அன்றைக்கு நடந்ததை அங்கேயே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அப்புறம் உள்ளே போய், "இன்னைக்கு வேலை இடத்துல இப்படி ஆகிப்போச்சு" என்று மனைவியிடமும் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அவள் நாலு விதமாக ஊகித்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியிருக்காது.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.