ரேடார் குரூஸ் ஆஃப் ஆகுதா? ரேடாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. முன்னாடி போற வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற ரேடார் குரூஸ் வேலை செய்யலைன்னு டேஷ்போர்டுல மெசேஜ் வருது, கூடவே ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம தடுக்கிறது) விளக்கும் ஈஎஸ்சி (வண்டி வழுக்காம பிடிக்கிறது) விளக்கும் எரியுது. இப்படி வர்ற வண்டிக்கு பல இடத்துல எடுத்த எடுப்புல சொல்றது, "ரேடார் போயிடுச்சு சார், மாத்தணும்". தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. ரேடார் நல்லா இருந்து, ரேடாருக்கும் பிரேக் யூனிட்டுக்கும் நடுவுல தகவல் போகாம நின்னாலும் இதே விளக்குகள்தான் எரியும். எங்க அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு நல்ல ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கோளாறுல மிதி பிரேக் வழக்கம்போல பிடிக்கும். ஆனா குரூஸும் தானியங்கி அவசர பிரேக்கும் இருக்காது. ஏபிஎஸ் விளக்கும் எரிஞ்சா, ஈர ரோட்டுல அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் லாக் ஆகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா வண்டியை ஓட்டாதீங்க, டோ பண்ணி கொண்டு போங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ரேடார் முன்னாடி போற வண்டியோட தூரத்தையும் வேகத்தையும் அளக்குது. பிரேக்கை அது நேரடியா தொடுறதே இல்ல. "இவ்வளவு வேகம் குறைக்கணும்"னு கேன் லைன்ல, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற ரெண்டு ஒயர் லைன்ல, கேட்கும். ஏபிஎஸ் யூனிட்தான் பம்பை ஓட்டி பிரஷர் ஏத்தும், சில வண்டியில எலக்ட்ரிக் பூஸ்டர் அந்த வேலையைப் பார்க்கும். பதிலுக்கு ஏபிஎஸ் பக்கத்துல இருந்து சக்கர வேகம், வண்டி திரும்புற வேகம், பிரேக் பிரஷர் எல்லாம் வந்துட்டே இருக்கணும். முக்கியமான மெசேஜ்ல வரிசை எண்ணும் செக்சமும் (தகவல் சரியா வந்துச்சான்னு சரிபார்க்கிற எண்) இருக்கும். மெசேஜ் நின்னாலோ, எண் தப்பினாலோ சிஸ்டம் குரூஸை விட்டுடும். அப்படி விடுறதுதான் பாதுகாப்பு.

அதனால ஒரே ஒரு மாட்யூலை (ஏபிஎஸ், ரேடார் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் உள்ள கம்ப்யூட்டர் பெட்டி) ஸ்கேன் பண்ணிட்டு முடிவு எடுக்காதீங்க. முழு வண்டியையும் ஸ்கேன் பண்ணுங்க. யார் யாரைப் பத்தி புகார் சொல்றாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.

ஸ்கேனர்ல யு0121-ங்கிற கோளாறு கோடு வந்தா ஏபிஎஸ் கிட்ட இருந்து தகவலே வரலைன்னு அர்த்தம். எஞ்சின், ஸ்டியரிங், மீட்டர், ரேடார் எல்லாத்துலயும் யு0121 இருந்தா, ஏபிஎஸ் யூனிட் வாயே திறக்கல. அதோட பவர், எர்த், கப்ளர் (ஒயர் சொருகுற கனெக்டர்) இதைத்தான் பார்க்கணும். ரேடார்ல மட்டும் யு0121 இருந்து மத்தவங்களுக்கு ஏபிஎஸ் நல்லா கேட்டுதுன்னா, கோளாறு ரேடாருக்குப் போற லைன்லயோ, நடுவுல இருக்கிற கேட்வேயிலயோ (ஒரு லைன்ல வர்ற தகவலை இன்னொரு லைனுக்கு மாத்தி விடுற பெட்டி) இருக்கு. யு0235 வந்தா முன்பக்க தூர சென்சார், அதாவது ரேடார்தான் பேசல.

யு0415 வேற கதை. தகவல் வருது, ஆனா அந்தத் தகவலை நம்ப முடியல. இதுக்கு ஒயரைப் பிரிச்சு மேயாதீங்க. நேரா ஏபிஎஸ் மாட்யூலுக்குள்ள போய் என்ன கோடு இருக்குன்னு பாருங்க. சி0035 மாதிரி முன் இடது சக்கர சென்சார் கோடு ஒண்ணு அங்க உக்காந்திருக்கலாம். சென்சார் ஒயர் ஸ்டியரிங் திரும்பும்போது உரசி அறுந்திருந்தாலோ, பேரிங் மாத்தும்போது காந்த வளையம் இருக்கிற பக்கத்தை தலைகீழா போட்டிருந்தாலோ இப்படி வரும். சரிபண்ணினா ரேடார் தானா அமைதியாயிடும். பி0504 இருந்தா பிரேக் மிதி சுவிட்சோட ரெண்டு சிக்னலும் ஒத்துப்போகல. சின்ன சுவிட்ச்தான், ஆனா அது ஒண்ணே குரூஸை மொத்தமா நிறுத்திடும்.

கோடு பதிவான நேரத்துல வோல்டேஜ் எவ்வளவுன்னு ஃப்ரீஸ் ஃபிரேம்ல (கோடோட சேர்ந்து பதிவாகிற அந்த நேரத்து ரீடிங்) பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா, வண்டி முழுக்க யு கோடு கொட்டிக் கிடக்கும். பேட்டரியை சோதிச்சு, கோடை அழிச்சு, ஓட்டிப் பார்த்துட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. ஓபிடி போர்ட்ல (ஸ்கேனர் சொருகுற இடம்) சொருகின ஜிபிஎஸ் டிராக்கர், டாங்கிள் எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க. அதுவும் அதே லைன்ல தொங்குற ஒரு ஆள்தான்.

இப்ப மீட்டர். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி பத்து நிமிஷம் விடுங்க. பவர் இருக்கும்போது ஓம் அளந்தா வர்ற எண் பொய். ஓபிடி போர்ட்ல 6-ம் பின்னுக்கும் 14-ம் பின்னுக்கும் நடுவுல அளங்க. கேன் லைனோட ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதால 60 ஓம் வரணும். 120 வந்தா ஒரு ரெசிஸ்டர் பக்கம் அறுந்திருக்கு. 40 வந்தா ரெசிஸ்டர் வெச்ச தப்பான மாட்யூலை யாரோ கூடுதலா மாட்டியிருக்காங்க. பூஜ்யத்துக்குக் கிட்ட வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டியிருக்கு.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 60 வந்துடுச்சு, லைன் ஓகேன்னு மூடிடுவாங்க. கேட்வே இருக்கிற வண்டியில ஓபிடி போர்ட் காட்டுறது கேட்வே வரைக்கும் உள்ள லைனை மட்டும்தான். ரேடார் லைன் அதுக்குப் பின்னாடி தனியா ஓடும். கேட்வே இல்லாட்டியும், ரேடாருக்குப் போறது மெயின் லைன்ல இருந்து பிரியிற கிளைன்னா, அந்தக் கிளை அறுந்தாலும் போர்ட்ல 60-தான் காட்டும். அதனால ரேடார் கப்ளரைக் கழட்டி, ஒயர் பக்கத்து பின்லயே அளங்க. கிளையா இருந்தா அங்கயும் 60 வரணும், எதுவுமே காட்டலைன்னா கிளை அறுந்திருக்கு. ரேடாருக்குள்ளயே ரெசிஸ்டர் இருக்கிற வண்டின்னா 120 வர்றதுதான் சரி. எந்த வகைன்னு ஒயரிங் டயகிராம் பார்க்காம சொல்ல முடியாது.

அப்புறம் பேட்டரியை மாட்டி, இக்னிஷன் ஆன் பண்ணி வோல்டேஜ் பாருங்க. ரெண்டு கேன் ஒயர்ல கேன்-ஹை 2.5 வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல, கேன்-லோ 2.5-க்கு கொஞ்சம் கீழ, ரெண்டையும் கூட்டினா கிட்டத்தட்ட 5. ஒண்ணு 12 வோல்ட்டோ பூஜ்யமோ காட்டினா அந்த ஒயர் எங்கயோ பவர்லயோ பாடியிலயோ தொடுது. இந்த லைன்ல பல்பு வெச்ச டெஸ்ட் லாம்ப் மட்டும் குத்தாதீங்க, மாட்யூல் போயிடும்.

பவர், எர்த் சோதனைக்குத்தான் அந்த 55 வாட் பல்பு. ஏபிஎஸ் கப்ளரை இக்னிஷன் ஆஃப்ல கழட்டி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல பல்பைப் போடுங்க. ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனா பல்பு மங்கிடும். பல்பு எரியும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 0.1 வோல்ட்டுக்கு மேல வந்தா எர்த் போல்ட்டைக் கழட்டி சுரண்டி மாட்டுங்க.

கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இந்தக் கப்ளரைப் பாருங்க. ரேடார் இருக்கிறது முன் பம்பருக்குப் பின்னாடி, தண்ணியும் சேறும் அடிக்கிற இடம். இந்த ரப்பர் சீல் ஒரு ஓரத்துல மடங்கியிருக்கு, அதே ஓரத்துல இருக்கிற பின்ல மட்டும் பச்சை பூத்திருக்கு. பக்கத்து பின் பளபளன்னு இருக்கு. இதைத் துடைச்சு மாட்டினா கொஞ்ச நாள் ஓடும், மறுபடி வரும். டெர்மினலையும் சீலையும் மாத்துறதுதான் வைத்தியம். பம்பர் டிங்கரிங் நடந்த வண்டின்னா முதல்ல இங்கதான் வரணும்.

கேன் ஒயரை ஒட்டுப் போடணும்னா ரெண்டையும் முறுக்கியேதான் விடணும். முறுக்கு அவிழ்ந்த நீளம் 5 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும், ரெண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்கட்டும். கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. வெறும் இன்சுலேஷன் டேப் பம்பர் பக்கத்துல தாங்காது.

ரேடாரைக் கழட்டினாலோ பிராக்கெட்டை அசைச்சாலோ ரேடார் அலைன்மென்ட் (அது பார்க்கிற கோணத்தைச் சரிபண்றது) கட்டாயம். ஏபிஎஸ் யூனிட்டை மாத்தினா அந்த வண்டிக்கான கோடிங் (வண்டிக்கு ஏத்த செட்டிங்கை யூனிட்டுக்குள்ள ஏத்துறது), ஸ்டியரிங் ஆங்கிள் ஜீரோ, ரெண்டும் பண்ணணும். கோடிங் பண்ணாத புது யூனிட்டும் யு0415 தரும், அப்ப புது யூனிட்டே பழுதுன்னு நினைச்சுடாதீங்க. கடைசியா, காலியான ரோட்டுல குரூஸ் போட்டு, பிரேக் மிதிக்கு மேல கால் வெச்சுக்கிட்டே ஓட்டிப் பாருங்க, வந்து இன்னொரு முழு ஸ்கேன் எடுங்க.

கமென்ட்ல கேள்வி கேட்கிறவங்க, வெறும் கோடு நம்பர் மட்டும் போடாதீங்க. எந்த மாட்யூல்ல அந்தக் கோடு இருக்கு, இப்ப இருக்கிறதா பழசா, கப்ளர்ல அளந்த ஓம் எவ்வளவு, இந்த மூணையும் சேர்த்துப் போடுங்க.