கட்டியின் இரண்டாவது ரிப்போர்ட்

திரை: மேசையில் ஒரு ஐ.எச்.சி. ரிப்போர்ட். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2, கே.ஐ.-67 என்று நான்கு வரிகள்.

வணக்கம். மார்புக் கட்டியில பயாப்ஸி எடுத்ததும், புற்றுநோய்தானான்னு சொல்ற ரிப்போர்ட் முதல்ல வரும். அதுலயே குடும்பம் உடைஞ்சு போயிடுது. ஆனா எந்த மருந்து கேட்கும், நோய் திரும்ப வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்றதுல, கட்டியோட அளவு, அக்குள் நெறிக்கட்டி இதுகளோட சேர்ந்து, ரெண்டாவதா வர்ற இந்த ஐ.எச்.சி. ரிப்போர்ட்டோட, அதாவது கட்டியில எந்தப் புரதம் இருக்குன்னு சாயமேத்திப் பார்க்கற சோதனையோட, நாலு வரிக்கும் பெரிய பங்கு இருக்கு. நாலுமே செல்லுல இருக்கற புரதங்கள்.

திரை: வடுவூர் பக்கம் ஒரு வயல், திறந்திருக்கும் மடை.

ஈ.ஆர்.னா ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, செல்லுக்குள்ள இருக்கற ஒரு மடை மாதிரி. ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் அது வழியா பாய்ஞ்சுதான் கட்டி வளருது. டமாக்ஸிஃபென் மாத்திரை அந்த மடையை அடைக்குது. மாதவிடாய் நின்ன பெண்களுக்குக் கொடுக்கற லெட்ரோசோல், வாய்க்கால்ல வர்ற தண்ணியையே குறைக்குது. ஈ.ஆர். 1 சதவீத செல்லுல இருந்தாக்கூட பாசிட்டிவ்தான். புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கான ஏற்பியான பி.ஆரும் இருந்தா இன்னும் நல்லது.

ஈ.ஆர். பாசிட்டிவ் கட்டி பெரும்பாலும் மெதுவா வளரும். ஆனா 10, 15 வருஷம் கழிச்சும் தலைகாட்டும். அதனாலதான் மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். உடம்பு தேறிடுச்சு, நடவுக்குப் போறேன்னு நடுவுல நிறுத்திடாதீங்கம்மா.

திரை: ஹெர்2: 0, 1+, 2+, 3+

ஹெர்2, செல்லோட மேல்பக்கம் இருந்து வளரச் சொல்ற புரதம். 3+ வந்தா பாசிட்டிவ். ஒரு காலத்துல இதைவிட மோசமான சேதி கிடையாது. கட்டி வேகமா வளரும், பரவும். 1998-ல அமெரிக்காவுல ஹெர்2-வைத் தடுக்கற ட்ராஸ்டுசுமாப் ஊசிக்கு அனுமதி கிடைச்சப்புறம் நிலைமையே மாறிடுச்சு. 2+ தான் சிக்கல்: அது பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. ஹெர்2 மரபணு எத்தனை இருக்குன்னு எண்ணிப் பார்க்கற ஃபிஷ்னு இன்னொரு பரிசோதனை செஞ்சாத்தான் தெரியும். அதைச் செய்யாம விட்டா, பலன் தரக்கூடிய ஊசி அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகலாம்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூணும் நெகட்டிவ்னா டிரிபிள் நெகட்டிவ். கீமோ முக்கியம். திரும்ப வர்ற ஆபத்து முதல் 3 வருஷத்துல அதிகம், 5 வருஷம் தாண்டிட்டா நல்லாவே குறையும். பரம்பரையா வர்ற கோளாறு இருக்கான்னு பார்க்கற பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

கே.ஐ.-67, எத்தனை செல் பெருகிக்கிட்டிருக்குன்னு சொல்லும். 5 சதவீதத்துக்குள்ள இருந்தா குறைவு, 30-க்கு மேல அதிகம். நடுவுல இருக்கற எண்ணை வச்சு மட்டும் பயப்பட வேண்டாம். லேபுக்கு லேப் மாறும்.

திரை: மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டப்பா, பஸ் ஜன்னல்.

நம்ம பக்கத்துல ஆபரேஷன் மயிலாடுதுறையில நடக்கும், லேப் தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ இருக்கும். டப்பாவைத் தூக்கிட்டுப் போறது வீட்டு ஆளுங்க. எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள்ள, சதையைக் கெடாம வைக்கற ஃபார்மலின் திரவத்துல இறங்கணும். 6 மணி நேரத்துக்குக் குறையாம, 72 மணி நேரத்துக்கு மேல போகாம ஊறணும். வெறும் சலைன்ல போனா புரதம் அழுகிடும். பாசிட்டிவா இருக்க வேண்டிய ஈ.ஆர். நெகட்டிவ்னு வரும், மாத்திரை கைநழுவிடும். டப்பாவுல ஃபார்மலின்தானா, எத்தனை மணிக்குப் போட்டாங்கன்னு நர்ஸ்கிட்ட தயங்காம கேளுங்க.

லேப்ல அந்தச் சதையைப் பதிச்ச மெழுகு பிளாக் ஒண்ணு இருக்கும். வேற ஆஸ்பத்திரி போனா அதை வாங்கிட்டுப் போங்க, மறுபடி சோதிக்கலாம். நோய் திரும்ப வந்தா மட்டும் பழைய பிளாக் போதாது. முடிஞ்சா புதுசா பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்க, ஈ.ஆரும் ஹெர்2-வும் இடையில மாறியிருக்கலாம்.